மாக்கோழியும் இயந்திர மனிதனும்

கோடை விடுமுறை அறநெறி வகுப்பொன்றில் கொல்லாமை விரதத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கணினி விளையாட்டில் நான் சுடுபவனுக்கு உயிர் இல்லையே, எனக்கு வினை சேருமா?" என வினவினான். "அது வெறும் விளையாட்டுத்தானே" என்று கூறி அமரச் செய்துவிட்டேன். அவ்விடை போதாது என்பது வீடு திரும்பும் வழியிலேயே விளங்கிற்று.

ஐம்பொறிகள், மனம் சொல் உடல் என்னும் மூவகை வலிமைகள், உயிர்ப்பு, ஆயுள் எனப் பிராணங்கள் பத்து என்பர் நம் ஆசாரியர். இயந்திர மனிதனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அது புத்கலம். ஆதலின் அதனை உடைப்பதில் திரவிய இம்சை இல்லை. ஐயம் எழுவது பாவ இம்சையில், அதாவது கருத்தால் நிகழும் கொலையில்.

1997 இல் 'கார்மகெடான்' என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தது. பாதசாரிகள்மேல் காரை ஏற்றினால் அதில் பரிசு கிட்டும். ஜெர்மனியில் வெளியான பதிப்பில் மனிதர்களுக்குப் பதிலாக இயந்திர மனிதர்களை வைத்தனர். செந்நீருக்குப் பதில் கரிய எண்ணெய் சிந்திற்று. அழுத்தும் விசையும் அதே, பரிசும் அதே, ஆடுவோன் உவகையும் அதே. இலக்கை மாற்றினர், எய்வோனை மறந்தனர்!

யசோதர காவியம் கற்றோர்க்கு இது புதிதன்று. உயிர்க்கோழியைப் பலியிட அஞ்சிய யசோதரன், தாய் சந்திரமதியின் சொற்கேட்டு மாவினால் செய்த கோழியை வெட்டினான். அவ்வினையால் அவன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். வெட்டுண்டது மாவே. ஆயினும் உயிர்ப்பலியின் பயனை நாடிய எண்ணம் பொய்யன்று. கணினிமுன் அமரும் சிறுவர் அனைவரையும் யசோதரன் என்றல் மிகையாகும். அவர்கள் எப்பலனையும் வேண்டிக் கொல்வதில்லை. எனினும் கஷாயம் எழுந்தவன் பிறரைக் கொல்லுமுன் தன்னையே கொன்றுகொள்கிறான் என்னும் அமிர்தசந்திராசாரியரின் கருத்தை இங்கே ஒதுக்க இயலாது.

சட்டவியல் ஆய்வாளர் கேட் டார்லிங் அம்மையார், மனிதரோடு பழகும் இயந்திரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமா என்று 2012 இல் ஆராய்ந்தார். இயந்திரத்துக்கு நோகும் என்பதன்று அவர் வாதம். அதனை வதைப்போர் நெஞ்சம் வன்மையுறக்கூடும் என்பதே. 2013 இல் ஜெனீவாவில் அவர் நடத்திய பயிற்சியில் பொம்மை டைனோசர்களோடு சிறிது நேரம் விளையாடியவர்கள், பின்னர் அவற்றை உடைக்கச் சொன்னபோது மறுத்தனர். ஒன்றை உடைத்தாலன்றி அனைத்தும் அழியும் என்ற பின்னரே ஒருவர் கோடரியை எடுத்தார்.

எனினும் அத்தகைய சட்டம் இன்று வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை. ஐம்பொறி உயிர்களைக் கொல்லும் தொழில் உரிமம் பெற்று நடக்கும் உலகில், உலோகத்துக்குக் காப்பு எழுதுவது முறைமாறிய செயல். நெஞ்சின் வன்மைக்கு மருந்து விரதமே.

அடுத்த வாரம் இவற்றையெல்லாம் அம்மாணவனிடம் கூறி, "சுடும்போது உன் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது?" என்று கேட்டேன். சற்று எண்ணிப்பார்த்து, "எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன் ஐயா. விழுபவனைப் பார்ப்பதே இல்லை" என்றான். பிரமாதம் என்னும் சொல்லைப் பலகையில் எழுதி அன்றைய பாடத்தைத் தொடங்கினேன்.