காதில் சீழ் வடிந்தால்

தடிமன் பிடித்த பிள்ளையின் மூக்கிலிருந்து கிருமி உட்குழாய் வழியாக நடுக்காதை அடைகிறது. அங்கே சேரும் சீழ் செவிப்பறையைத் துளைத்து வெளியே வருகிறது. வலி குறைந்ததும் நோய் மாறிவிட்டதென்று எண்ணுகிறோம். மாறவில்லை. வைத்தியரிடம் காட்டி, தரும் மருந்தை முழுவதும் கொடுக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யும் வேலை காதை உலர்த்துவது. பழைய வேட்டித் துணியைக் கொதிநீரில் அவித்து, வெயிலில் காயவிட்டு, சிறு திரியாக முறுக்குங்கள். காதினுள் மெதுவாக வைத்து, நனைந்ததும் எடுத்துப் புதுத்திரி வையுங்கள். திரி உலர்ந்து வரும்வரை மாற்றுங்கள். நாளுக்கு 3 தடவை. ஈர்க்கு, நெருப்புக்குச்சி ஆகாது. எண்ணெயும் விடவேண்டாம். (பாட்டிமார் கோபிக்கட்டும்.) சீழ் நிற்கும்வரை குளத்தில் முழுகவும் விடாதீர்கள்.

2 வாரம் கடந்தும் வடிந்தால் அது நாட்பட்ட நோய். அதற்கு வைத்தியர் தரும் காதுத்துளி மருந்து வேண்டும். கவனியாது விட்டால் கேள்வி குறையும். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை, சொல்வழி கேளாதவன் என்று அடிப்பதைக் கண்டிருக்கிறோம். அடிக்கமுன் காதைப் பாருங்கள்.

காதின் பின்புறம் வீங்கி, தொட நொந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கிருமி எலும்பைத் தாண்டி மூளையை நெருங்கியிருக்கலாம். விதைப்பு நாளென்றாலும் வேலையை விட்டுவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.