கைமாறி வரும் .22 ரைஃபிள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முந்தைய உரிமையாளர்களின் விருப்பத்துக்கேற்பக் குழலும் கட்டையும் விசையும் மாற்றப்பட்ட பழைய .22 ரைஃபிளை வாங்க எண்ணும் தென்காசி வட்டாரத்தினர், விற்பவரின் சொல்லையும் ஊரில் உலவும் சில நம்பிக்கைகளையும் துணைக்கொண்டு முடிவெடுத்தால், உடலுக்கும் சட்டப்படியான நிலைக்கும் ஒருசேரக் கேடு நேரும். இவ்வகை ரைஃபிள் 'ரிம்ஃபயர்' எனப்படும். தோட்டாவின் அடிவிளிம்புக்குள் பொதிந்திருக்கும் பற்றுமருந்து, துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கும்போது தீப்பற்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது.

நம்பிக்கை: .22 என்பது ஏர்கன்தான். அதற்கு உரிமம் வேண்டாம்.

உண்மை: ஏர்கன் அழுத்தப்பட்ட காற்றால் குண்டைச் செலுத்துகிறது, ரிம்ஃபயர் ரைஃபிளோ வெடிமருந்தால் இயங்குவதால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி அதை வைத்திருப்பது குற்றமாகும். ஏர்கன்னிலும்கூட, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ ஆற்றல் 20 ஜூல் அளவையோ தாண்டினால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கோருகின்றன.

நம்பிக்கை: குழலில் பொறித்துள்ள தோட்டா வகையே அதற்குப் பொருந்தும்.

உண்மை: அப்பொறிப்பு தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் நிலையை மட்டுமே காட்டுகிறது. 1887இல் வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கும் 1959இல் வந்த .22 மேக்னம் தோட்டாவுக்கும் குழல் விட்டம் ஏறக்குறைய ஒன்றே என்றாலும், முன்னதன் பித்தளைக் கூடு சுமார் 5.7 மில்லிமீட்டரும் பின்னதன் கூடு சுமார் 6.1 மில்லிமீட்டரும் வெளிவிட்டம் உடையவை. முன்னாள் உரிமையாளர் எவரேனும் தோட்டா அமரும் அறையை மேக்னத்துக்காகக் கடைந்து அகலப்படுத்தியிருந்தால், அதில் இடும் சாதாரணத் தோட்டாவின் மெல்லிய கூடு சுடும்போது உப்பிப் பிளந்து, வெப்ப வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடக்கூடும். குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையை அறைக்குள் ஊற்றி, இறுகிய அச்சை எடுத்து அளப்பதே உறுதியான சோதனை. அதை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரே செய்ய வேண்டும்.

நம்பிக்கை: வெளியே பளபளத்தால் நன்கு பேணப்பட்ட துப்பாக்கி.

உண்மை: குற்றாலச் சாரல் வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரக்காற்றில், குழலின் அடிப்பகுதியும் மரக்கட்டையும் ஒட்டும் இடத்தில்தான் துரு மறைந்து வளர்கிறது, ஆகவே கட்டையைக் கழற்றிப் பார்க்காத சோதனை சோதனையாகாது. பொறித்த எழுத்துகளின் ஓரங்கள் கூர்மை இழந்து மழுங்கியிருந்தால், துருவைத் தேய்த்தெடுத்து மீண்டும் கருநீலப் பூச்சு ஏற்றியிருக்க வாய்ப்புண்டு. திருகாணிகளின் தலைப் பள்ளம் சிதைந்திருந்தால், பொருந்தாத கருவியால் பலமுறை கழற்றப்பட்டது புலனாகும்.

நம்பிக்கை: எண் தேய்ந்திருப்பது பழமையின் அடையாளம், வாங்குபவர்மேல் பழி வராது.

உண்மை: அடையாள எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடைசெய்வதோடு, எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி எவர் வசம் இருக்கிறதோ அவரே அதை அழித்தார் எனவும், மாறாக மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே எனவும் கொள்கிறது.

நம்பிக்கை: குழலைக் குறைப்பதும் முனையில் திருகுமறை வெட்டுவதும் உரிமையாளரின் ரசனை சார்ந்தவை.

உண்மை: உரிய உரிமமின்றிக் குழலைக் குறைப்பதை 6ஆம் பிரிவு தடுக்கிறது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் அதற்குரிய தண்டனை ஏழாண்டு முதல் ஆயுள் வரை நீள்கிறது. எனவே அந்த மாதிரிக்குத் தொழிற்சாலை குறித்த நீளத்தோடு குழலை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. முனையிலுள்ள திருகுமறை ஒலிகுறைப்புக் கருவிக்காக மட்டுமன்றி, எடை பொருத்துவதற்காகவும் வெட்டப்பட்டிருக்கலாம் என்பதால், அதை மட்டும் கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆனால் ஒலியைக் குறைக்கும் துணைக்கருவியைச் சட்டம் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

தனியார் ஒருவர் தம் துப்பாக்கியை மற்றோர் உரிமதாரருக்கு விற்க, மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து, குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். இக்காலத்துக்குள் எண், குழல் நீளம், தோட்டா அறை ஆகிய மூன்றையும் சரிபார்த்து, ஏதேனும் ஒன்றில் ஐயம் எஞ்சினாலும் பணம் கொடுக்காமல் விலகிக்கொள்வதே வாங்குபவர் தமக்கும் தம் வீட்டாருக்கும் செய்யும் கடமையாகும்.