வெள்ளமும் வெளிநாட்டு உதவியும்: கோரிக்கை எங்கிருந்து தொடங்குகிறது?

2016 மே மாதத்தின் நடுவில் வங்காள விரிகுடாவில் ஏற்பட்ட தாழமுக்கம் இலங்கையின் பெரும் பகுதியில் கடும் மழையைக் கொட்டியது. கிளிநொச்சியில் ஒரே நாளில் 350 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவாகியது. 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியது. மலைநாட்டில் விழுந்த நீர் களனி கங்கை வழியே இறங்கி, கொழும்பை அண்டிய கடுவலை, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனி ஆகிய இடங்களை நாட்கணக்காக மூழ்கடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பல இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். அரசாங்கம் வெளிநாடுகளிடம் உதவி கோரியது. இந்தியக் கடற்படையின் சட்லெஜ், சுனைனா ஆகிய கப்பல்கள் நிவாரணப் பொருட்களுடன் கொழும்புக்கு வந்தன. ஜப்பானிலிருந்தும் உதவி வந்தது.

2017 மே மாத வெள்ளத்தில் இரத்தினபுரி, களுத்துறை முதலான மாவட்டங்களில் 200க்கு மேற்பட்டோர் மாண்டபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் களனி மீண்டும் பெருகியபோதும் இதே கோரிக்கை விடுக்கப்பட்டது.

நகரத்து வெள்ளத்தைப் பற்றி இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களாகிய நாம் ஏன் படிக்கவேண்டும்? நம்மவர்களுட் பலர் இன்று நகர ஓரங்களில் வாடகை அறைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்கிறார்கள். அத்துடன், குளம் உடைத்து வயல் அழிந்தாலும் உதவி கேட்கும் பாதை ஒன்றுதான். அந்தப் பாதையை அறியாதவர் அதன் ஓரத்திலேயே விடப்படுவார்.

1. யார் கேட்கலாம்?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991 டிசம்பரில் நிறைவேற்றிய 46/182ஆம் இலக்கத் தீர்மானம் இதற்கு அடிப்படை. தன் மக்களைக் காப்பது முதலில் அந்தந்த நாட்டின் பொறுப்பு. அழிவு அதன் சக்திக்கு மேற்பட்டதாயின் வெளியுதவி வரலாம். ஆனால் அது அந்நாட்டின் சம்மதத்துடன், கொள்கையளவில் அந்நாட்டின் வேண்டுகோளின் பேரில் வரவேண்டும். ஆகவே ஒரு கிராமமோ சங்கமோ நேரே வெளிநாட்டு அரசிடம் கேட்பதில்லை, அரசாங்கமே கேட்கிறது.

அப்படியானால் நமக்கு வேலை இல்லையா? உண்டு. 1998இல் ஐ.நா.விடம் சமர்ப்பிக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளின் மூன்றாவது கோட்பாடு, இடம்பெயர்ந்தோருக்கு அதிகாரிகளிடம் பாதுகாப்பும் உதவியும் கேட்கவும் பெறவும் உரிமை உண்டு என்றும், கேட்டதற்காக அவர்கள் தண்டிக்கப்படலாகாது என்றும் கூறுகிறது. இது கட்டாயச் சட்டமன்று. எனினும் அதிகாரிகள் முன் எடுத்துச் சொல்லத்தக்க வலுவுள்ளது. நாம் கேட்பது பிச்சையன்று.

2. செய்தி போகும் பாதை

பாதிப்பு விபரம் கிராம அலுவலரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் போகிறது. அரசாங்கம் முடிவு செய்தபின் வெளிநாட்டு அமைச்சு தூதரகங்களுக்கும் ஐ.நா.வுக்கும் அறிவிக்கிறது.

ஐ.நா.வின் மத்திய அவசர நிதியமும் தானாகப் பணம் அனுப்புவதில்லை. கொழும்பிலுள்ள ஐ.நா. வதிவிட இணைப்பாளர் விண்ணப்பிக்கவேண்டும். பணம் வழக்கமாக ஐ.நா. முகவர் நிலையங்களுக்கே போகும். உள்ளூர் அமைப்புகள் அவற்றினூடாகவே பெறும். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இதற்கென வேறொரு வழி உண்டு. எந்த வழியாயினும் அடியில் இருப்பது விதானையாரின் பட்டியல்தான். அதில் விழும் பிழை மேலே போகப்போகத் திருத்தப்படுவது அரிது.

3. எதைக் கேட்பது?

“எல்லாம் போய்விட்டது, உதவுங்கள்” என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைக்கொண்டு யாரும் லொறியில் பொருள் ஏற்றமுடியாது. எண்ணிக்கை வேண்டும். நிவாரண நிறுவனங்கள் கைக்கொள்ளும் ‘ஸ்பியர்’ அளவுகள் நமக்கு உதவும்: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர், கூரையின் கீழ் 3.5 சதுர மீற்றர் இடம். 20 பேருக்கு ஒரு மலகூடம்.

உதாரணமாக, ஒரு பாடசாலையில் 100 குடும்பங்கள், 400 பேர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 6,000 லீற்றர் நீரும் 20 மலகூடங்களும் 1,400 சதுர மீற்றர் இடமும் தேவை. வகுப்பறைகளில் 700 சதுர மீற்றரே உண்டென்றால், பாதிப்பேருக்கு வேறிடம் வேண்டும் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும்.

நகர வெள்ளத்தின் தேவை வயல் வெள்ளத்தின் தேவையன்று. வயலில் நீர் வடிந்தால் வண்டல் மிஞ்சும். நகரத்தில் வடிந்தால் மலக்குழி நீரும் குப்பையும் மிஞ்சும். அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் நெல் மூடை இருப்பதில்லை. அடுப்பும் நனைந்திருக்கும். ஆகவே முதல் நாட்களில் உலர் உணவைவிடச் சமைத்த உணவும் சுத்தமான குடிநீருமே அவசரம். பின்னர் கிணறு இறைத்துக் குளோரின் இடுதல், துப்புரவுக் கருவிகள், எலிக்காய்ச்சல் தடுப்பு, பிள்ளைகளின் கொப்பி புத்தகம். விவசாயக் குடும்பமோ விதைநெல், கால்நடைத் தீவனம், நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் இழப்பையும் தவறாமல் பதியவேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவை கணக்கில் வரமாட்டா.

4. எது வேண்டாம் என்பதும் கோரிக்கையே

2004 சுனாமியின் பின் குளிர்நாட்டு உடுப்புகளும் நம் கடற்கரைகளில் வந்து குவிந்தன. தேவையற்ற பொருளும் துறைமுகத்தில் இடம்பிடிக்கும். தேவையானது அதன் பின்னால் காத்துக்கிடக்கும். நன்கொடை மருந்துகள் நாட்டை வந்தடையும்போது குறைந்தது ஓராண்டாவது பாவனைக்காலம் எஞ்சியிருக்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி கூறுகிறது. “பழைய உடுப்பு வேண்டாம், பெண்களுக்கான சுகாதாரத் துணி வேண்டும்” என்று துணிந்து சொல்வதே உதவுவோருக்கும் நல்லது.

5. யார் விடுபடுகிறார்கள்?

பட்டியல் பெரும்பாலும் வாக்காளர் இடாப்பையும் வீட்டு உரிமையையும் பார்த்தே எழுதப்படும். எனவே வாடகைக்கு இருப்போர், அனுமதியின்றிக் குடியிருப்போர், ஊரில் பதிவிருந்து நகரில் வாழ்வோர், முகாமுக்கு வராது உறவினர் வீட்டில் தங்கியோர் எளிதில் விடுபடுவர். ஒரே கூரையின்கீழ் மூன்று குடும்பம் இருந்தாலும் ஒன்றாகவே எழுதப்படலாம். அடையாள அட்டை வெள்ளத்தில் போனவர் வாய்திறக்கவே தயங்குவார். இவர்களுக்காக மற்றவர்கள் பேசவேண்டும்.

6. எமது சங்கம் இப்போதே செய்யக்கூடியவை

அ) மழைக்காலத்துக்கு முன்பே ஒரு கொப்பியில் குடும்ப விபரம் எழுதி வைத்தல்: ஆட்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், நாளாந்தம் மருந்தெடுப்போர், வாடகையா சொந்தமா என்பது.

ஆ) அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகளைப் பொலித்தீன் உறையிலிட்டு உயரமான இடத்தில் வைத்தல்.

இ) வெள்ளம் வந்தால் 117 என்ற இலக்கத்துக்கு அறிவித்தல், பின் 24 மணி நேரத்துள் கொப்பியைத் திருத்தி, திகதியிட்டு, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுத்து, மறுபிரதியில் கையொப்பம் வாங்குதல்.

ஈ) கூட்டிச் சொல்லாதிருத்தல். நூறை இருநூறு என்றால், அடுத்த முறை உண்மையான இருநூறையும் நம்பமாட்டார்கள்.

உ) வந்த பொருளின் விபரத்தைப் பொது இடத்தில் எழுதி ஒட்டுதல்.

கப்பலும் விமானமும் வருவது நம் கையில் இல்லை. அவற்றை அழைக்கும் கணக்கில் நம் அயலவர் ஒருவரும் விடுபடாதிருப்பது நம் கையில் உண்டு.

கூடிக் கலந்துரையாட:

1. எமது பகுதியில் இன்று வெள்ளம் வந்தால் பட்டியலில் விடுபடக்கூடிய குடும்பங்கள் எவை?

2. நாம் தங்கக்கூடிய பாடசாலையில் எத்தனை மலகூடங்கள் உண்டு? எத்தனை பேருக்குப் போதும்?

3. கொப்பியை எழுதிப் பேணும் பொறுப்பை எந்த இருவரிடம் ஒப்படைப்போம்?