பேராசிரியர் வாக்குக் கேட்டு வந்தபோது
(குழுக்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கும் காலத்தில் கிராமங்களில் வழமையாக ஒரு பேச்சு எழும். "இந்த முறையாவது நன்றாகப் படித்த ஒருவரை அனுப்புவோம்" என்பார் ஒருவர். "படித்தவர் வென்ற பிறகு எங்கள் படலையடிக்கு வருவாரா? வெள்ளம் வந்த அன்று கூட நின்றவனுக்கே என் வாக்கு" என்பார் மற்றவர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலும் இந்த விவாதம் முடிவில்லாமலே கலைந்து போகிறது.

அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரம் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்த ஒரு நகரம். அரசாங்கம் எவ்வாறு நடக்கிறது, பொதுப் பணம் எவ்வாறு செலவாகிறது என்பதைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பேராசிரியர்கள், ஒரு நூற்றாண்டுக்குள் பல தடவை அந்நகர சபைக்குப் போட்டியிட்டார்கள். அவர்களில் இருவரின் அனுபவத்தை இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தவர்

சார்ள்ஸ் மெரியம் என்பவர் 1900ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கினார். நகரத்தின் வரி வருமானத்தைப் பற்றி அவர் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1906இல் வெளிவந்தது. நகரத்தை ஆராய்ந்தவர் 1909இல் அதே நகர சபைக்கு வட்டார உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார்.

சபைக்குள் சென்றதும் அவர் செய்த முக்கிய வேலை, நகரத்தின் செலவுகளை ஆராயும் ஆணைக்குழு ஒன்றை அமைக்கச் செய்து அதற்குத் தலைமை வகித்ததாகும். அந்தக் குழு மேடைப் பேச்சுகளை நம்பவில்லை. சிட்டைகளையும் ஒப்பந்தங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஒரு பெரிய கொள்வனவைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, கேள்விப்பத்திரம் கோராமலே வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் வெளிவந்தது. கழிவுநீர்க் கால்வாய் ஒன்றைத் தோண்டியபோது பாறையை உடைத்ததாகக் கூறி ஒப்பந்தக்காரருக்கு மேலதிகப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. அங்கே இருந்ததோ களிமண்!

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, கல்வி எந்த இடத்தில் பயன்பட்டது என்பதை. "களவு நடக்கிறது" என்று சொல்வதற்குப் பட்டம் தேவையில்லை. அதை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எந்தச் சிட்டையில், எந்த வேலையில், எவ்வளவு என்று காட்டுவதற்கே பயிற்சி தேவைப்பட்டது.

ஏன் தோற்றார்?

1911இல் மெரியம் நகரத்தின் மேயர் பதவிக்குப் போட்டியிட்டார். குடியரசுக் கட்சியின் வேட்பாளரை அம்முறை கட்சி வாக்காளரே நேரடியாகத் தெரிவு செய்தார்கள். அதில் அவர் வென்றார். ஆனால் ஏப்ரல் மாதம் நடந்த இறுதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் ஹரிசனிடம் ஏறக்குறைய 17,000 வாக்குகளால் தோற்றுப்போனார். ஹரிசன் முன்னரே நான்கு தடவை மேயராக இருந்தவர். அவருடைய தந்தையும் மேயராக இருந்தவர்.

தோல்விக்குப் பல காரணங்கள் சேர்ந்தன. மெரியம் ஆராய்ந்த கணக்குகள் அவருடைய சொந்தக் கட்சி மேயரின் நிருவாகத்துக் கணக்குகள். ஆகவே கட்சியின் பழைய தலைவர்கள் அவருக்காக மனமுவந்து உழைக்கவில்லை. அத்துடன் அன்று அந்நகரில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1913இல்தான் அது கிடைத்தது.

இவற்றுக்கு மேலாக இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய சிக்காகோவில் ஏறக்குறைய 22 இலட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ஒவ்வொரு சிறு தேர்தல் பிரிவிலும் கட்சிக்கு ஓர் ஆள் இருந்தார். வேலை இல்லாதவனுக்கு வேலை தேடிக் கொடுப்பவர் அவர். குளிர்காலத்தில் நிலக்கரி கொண்டுவந்து கொடுப்பவர் அவர். மகனைப் பொலிசார் பிடித்தால் கூடச் செல்பவர் அவர். மரண வீட்டுக்கு முதலில் வருபவரும் அவரே.

இந்த உதவிகளுக்காக வாக்களித்த ஏழையை அறிவில்லாதவன் என்று சொல்லிவிட முடியுமா? நிலக்கரி அவனுடைய அடுப்பில் எரிந்தது. பொய்ப் பாறைக்குக் கொடுத்த பணம் வரியாகவும், வரி வாடகையாகவும் அவனுடைய சட்டைப்பையிலிருந்தே போனது. ஆனால் அந்த இழப்பு அவனுடைய கண்ணுக்குத் தெரியவில்லை. கிடைத்தது கையில் தெரிந்தது. போனது கணக்கில் மறைந்திருந்தது. அந்தக் கணக்கைப் பேராசிரியர் அச்சிட்டார். அதை வீட்டு வாசலில் இருந்து விளக்கிச் சொல்ல அவருக்குப் போதிய ஆட்கள் இல்லை.

மெரியம் மனம் தளரவில்லை. 1913இல் மீண்டும் வட்டார உறுப்பினராகி 1917 வரை சபையில் இருந்தார். 1919இல் மேயர் வேட்பாளராக முயன்று கட்சிக்குள்ளேயே தோற்றார். பின்னர் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் திரும்பினார். அதே பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் போல் டக்ளஸ் 1939இல் நகர சபைக்குத் தெரிவாகி, பெரும்பான்மையோடு இழுபட்டுப் போகாமல் பல வாக்கெடுப்புகளில் மிகச் சிலரோடு மட்டுமே நின்றார். நேர்மையான ஒருவர் சபையில் இருப்பது பெரிய காரியம். எனினும் தனி ஒருவரின் நேர்மை வாக்கெடுப்பில் ஒரு வாக்காகவே எண்ணப்படுகிறது.

மக்கள் சபையைக் கூட்டியவர்

மெரியத்தின் மேயர் தேர்தலுக்கு 60 ஆண்டுகளின் பின், 1971இல், டிக் சிம்சன் என்ற இளம் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் நகரின் 44ஆம் வட்டாரத்தில் வெற்றி பெற்றார். இவர் 1968இல் ஜனாதிபதி வேட்பாளர் ஒருவருக்காக வேலை செய்தபோது வீடு வீடாகச் சென்று வாக்காளரோடு கதைக்கப் பழகியவர். கட்சி ஆட்களிடம் இருந்த அந்தப் பழக்கத்தைப் பேராசிரியர் கற்றுக்கொண்டார் என்று சொல்லலாம்.

அப்போது மேயராக இருந்தவர் றிச்சட் டேலி. 1955 தொடக்கம் 1976இல் இறக்கும் வரை நகரத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தவர். சபையின் 50 உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் அவர் சொற்படி வாக்களித்தனர். சபையில் பலம் மிக்க உறுப்பினரான தோமஸ் கீனின் மகனை, காணிகளில் எவ்வகைக் கட்டடம் எழலாம் என்பது பற்றிய மேன்முறையீடுகளைத் தீர்க்கும் சபைக்கு 1971இல் டேலி நியமித்தார். அந்த மகன் பெரிய காணி, கட்டட வியாபார நிறுவனம் ஒன்றில் உயர் பதவி வகித்தவர். இது பொருத்தமா என்று சிம்சன் கேட்டார். மேயர் கடுங்கோபங்கொண்டு, பல்கலைக்கழகப் பேராசிரியர்களையே சபை நடுவில் நெடுநேரம் திட்டித் தீர்த்தார். நியமனமும் நிறைவேறியது. மூன்று ஆண்டுகளின் பின், 1974இல், தந்தையான தோமஸ் கீன் காணிக் கொடுக்கல் வாங்கல் மோசடிக்காக நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

ஆனால் சிம்சனின் முக்கியமான வேலை நகர சபைக்கு வெளியே நடந்தது. ஒரு வட்டாரத்தில் 60,000க்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். அவர்கள் பேசுவதற்கு 44ஆம் வட்டார மக்கள் சபை ஒன்றை அவர் அமைத்தார். ஒவ்வொரு சிறு தேர்தல் பிரிவிலிருந்தும், அங்குள்ள பொது அமைப்புகளிலிருந்தும் பிரதிநிதிகள் வந்து கூடினார்கள். நகர சபையில் தாம் எவ்வாறு வாக்களிக்க வேண்டும் என்பதில் அந்தச் சபையின் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவதாக சிம்சன் உறுதி கொடுத்திருந்தார். ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்கென அவர்கள் மொழியிலே தனிக் கூட்டம் நடந்தது. கட்டட அனுமதி பற்றியும் வீதிப் போக்குவரத்துப் பற்றியும் குடியிருப்பாளர்களே கூடி ஆராயும் குழுக்களும் இருந்தன.

மெரியம் தாம் அறிந்ததை மக்களுக்கு அறிக்கையாகக் கொடுத்தார். சிம்சன் மக்களை அழைத்து அவர்களோடு இருந்து முடிவெடுத்தார். இந்த வேறுபாடே இப்பாடத்தின் மையம்.

குறையையும் பார்ப்போம்

சிம்சன் 1979இல் பதவியிலிருந்து விலகினார். அதன் பின் சிறிது காலத்திலேயே மக்கள் சபையும் நின்றுபோனது. அந்தச் சபைக்குச் சட்ட அதிகாரம் இருக்கவில்லை. உறுப்பினர் கொடுத்த வாக்குறுதியே அதற்கு அத்திவாரம். வாக்குறுதி கொடுத்தவர் போனதும் அத்திவாரம் அசைந்தது. ஆகவே நல்ல வேட்பாளர் ஒருவரைத் தேடுவதோடு மக்களின் வேலை முடிந்துவிடாது. அவர் இல்லாத காலத்திலும் கூட்டத்தைக் கூட்டவும், கணக்கைக் கேட்கவும் பழகிய ஆட்கள் ஊரில் இருக்க வேண்டும்.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

1. வேட்பாளரின் பட்டத்தை விட அவருடைய பழக்கத்தைப் பாருங்கள். சங்கத்தில் இருந்தபோது கணக்கைச் சபையில் வாசித்தவரா? கேள்வி கேட்டவர்மேல் கோபித்தவரா?

2. உதவி செய்பவரை மதிப்போம். ஆனால் அந்த உதவி அவருடைய சொந்தக் காசிலா, நம்முடைய வரிப்பணத்திலா வந்தது என்பதையும் கேட்போம்.

3. படித்தவர்கள் ஊழலைப் பற்றிப் பேசும்போது அதை வீட்டுக் கணக்காக மாற்றிச் சொல்லப் பழக வேண்டும். "இவ்வளவு இலட்சம் வீணானது" என்பதை விட "இந்தப் பணத்தில் இந்த ஒழுங்கையைத் திருத்தியிருக்கலாம்" என்பது எல்லோருக்கும் விளங்கும்.

4. வாக்குக் கேட்டு வருபவரிடம் ஒன்றைக் கேட்போம்: வென்ற பின் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் முன் வந்து கணக்குச் சொல்வீர்கள்?

குழுக் கலந்துரையாடலுக்கு

அ. நமது ஊரில் நிலக்கரி கொடுத்த கட்சி ஆளைப் போன்றவர் யார்? அவர் செய்வதில் நன்மை எது, தீமை எது?

ஆ. நமது பிரதேச சபையின் கடந்த ஆண்டு வரவு செலவுக் கணக்கை நம்மில் யாராவது பார்த்ததுண்டா? பார்க்காததற்குக் காரணம் என்ன?

இ. நமது வட்டாரத்தில் மக்கள் சபை ஒன்று கூடுவதாயின், பெண்களும் கூலித் தொழிலாளரும் வரக்கூடிய நேரம் எது, இடம் எது?

மூன்றாவது கேள்விக்கு விடை கண்டுவிட்டால், கலையும் முன்னரே முதற் கூட்டத்துக்கு ஒரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.