லேப்டாப் சார்ஜ் ஏறலையா? பேட்டரி வாங்கும் முன் சார்ஜரைப் பாருங்கள்



சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். உறுப்பினர் ஒருவர் 4,000 ரூபாய் உள்கடன் கேட்டார். கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை. "பேட்டரி போயிடுச்சு, மாத்தணும்" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அடுத்த வாரம் அந்தப் பெண் பிராஜெக்ட் கொடுக்க வேண்டும். "தீர்மானம் அப்புறம் எழுதலாம்க்கா, லேப்டாப்பை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

சார்ஜர் போட்டும் 41 சதவீதத்திலேயே நின்றது. லேப்டாப்பை முழுசாக அணைத்துவிட்டு சார்ஜரில் போட்டு வைத்தோம். கூட்டம் முடிவதற்குள் 50ஐத் தாண்டிவிட்டது. பேட்டரி செத்திருந்தால் ஏறுமா?

"இது இதோட சார்ஜர்தானா?" என்று கேட்டேன். "அது வயரு பிஞ்சு போச்சு. இது அவ அண்ணனோடது" என்றார். அங்கேதான் விஷயம். சார்ஜரின் அடியில் 'அவுட்புட்' என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். அண்ணனுடையது 19 வோல்ட், 2.37 ஆம்பியர், அதாவது 45 வாட். லேப்டாப்புக்குத் தேவை 19 வோல்ட், 3.42 ஆம்பியர்; 65 வாட். வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது பெரிய கணக்கா? குறைந்த வாட் சார்ஜர் லேப்டாப்பை ஓட்டவே சரியாகிவிடும், பேட்டரிக்கு மிச்சம் இருக்காது. செல்போன் டைப்-சி சார்ஜரை மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதைதான். வாங்கும்போது வோல்ட்டும் பின்னும் அதேபோல் இருக்கணும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. 1,200 ரூபாய்க்கு சரியான சார்ஜர் வாங்கியதோடு அந்தக் கடன் முடிந்தது.

சார்ஜர் சரியாக இருந்தும் ஏறவில்லையா? வயரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி போட்டுப் பாருங்கள். 60 அல்லது 80 சதவீதத்தில் சரியாக நின்றால் பயப்பட வேண்டாம். பேட்டரி ஆயுளுக்காக அப்படி நிறுத்தும் வசதி பல லேப்டாப்பில் உண்டு, செட்டிங்கில் மாற்றலாம்.

பேட்டரியும் தேயும் பொருள்தான். சுமார் 300 முதல் 500 முறை முழுசாக ஏறி இறங்கினால் சக்தி குறையத் தொடங்கும். நம்ம திருச்சி வெயிலில், மெத்தை மேல் வைத்து ஓட்டினால் இன்னும் சீக்கிரம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த இலவச லேப்டாப் பல வீட்டு பீரோவில் தூங்குகிறது. அப்படி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரி உயிர் பெறுவது கஷ்டம். எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. அடிப்பாகம் உப்பியிருந்தால், கீபோர்டு தூக்கிக்கொண்டு நின்றால், சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கும். அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022 பேட்டரி கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. கடையில் கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.