கணினி வகுப்பா, சுயகற்றலா?

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை யாழ்ப்பாணத்து மருதனார்மடத்துச் சுற்றுவட்டார வீடுகளில் ஒரு கேள்வி ஓடும்: "பிள்ளையை எக்ஸெலும் கணக்கு மென்பொருளும் படிக்க வகுப்புக்கு விடுவமா, யூடியூப்பைப் பாத்துப் படிக்கட்டுமா?" காசைக் கட்டுமுன் நான்கு நம்பிக்கைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 1: வகுப்புக்குப் போனால் வேலை வந்துவிடும்.
உண்மை: வகுப்பில் வழி தெரியும், கை பழகுவது தனியே இருந்து செய்யும்போதுதான். இங்கேயே, முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் என்றிருந்த பீடத்தில் சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் சாதகத்தை விடுவதில்லையே, அதுபோலத்தான். வீட்டில் கணினி இல்லையென்றால், வகுப்பு முடிந்த பிறகும் இருந்து பழக விடுவார்களா என்று நிலையத்தில் முதலில் கேளுங்கள்.

நம்பிக்கை 2: எல்லாம் யூடியூப்பில் தமிழிலேயே இருக்கிறது.
உண்மை: டாலி என்னும் கணக்கு மென்பொருளுக்குத் தமிழில் கிடைக்கும் பாடங்களில் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவை சொல்லித்தருவது இந்தியாவின் ஜிஎஸ்டி வரியை. இங்கே இலங்கையில் இருப்பது பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி முதல் 18 வீதம். சம்பளப் பட்டியலும் வேறு. 50,000 ரூபா சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாக 4,000 கழியும். முதலாளி தன் பங்காக 12 வீதம் 6,000 போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 1,500 தனி. இந்த 1,500ஐச் சம்பளத்தில் கழித்தால் அது ஊழியருக்குச் செய்யும் அநியாயம். காணொளியைப் பார்த்துப் படிப்பவர் நம் நாட்டு விதிகளைத் தனியே தேடிப் படித்தே ஆகவேண்டும்.

நம்பிக்கை 3: பிழை விட்டால் மென்பொருளே காட்டும்.
உண்மை: சந்தை வியாபாரி ஒருவர் கடைக்குத் தராசு வாங்குகிறார். அது சொத்து. அதைக் கொள்வனவுக் கணக்கில் பதிந்தாலும் பரீட்சை மீதி அழகாகச் சமப்படும். இலாபம் மட்டும் குறைந்து நிற்கும். மென்பொருள் மூச்சுக் காட்டாது. இந்தப் பிழையைப் பிடிக்கக் கணக்கியல் தெரிந்த ஒருவரின் கண் வேண்டும். நல்ல வகுப்புக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். உயர்தரத்தில் கணக்கீடு படித்த பிள்ளைக்கு அடிப்படை கையில் இருக்கிறது. மென்பொருளைத் தானே பழகலாம். படிக்காதவர் ஆசிரியரிடம் தொடங்குவதே நல்லது.

நம்பிக்கை 4: தானாகப் படித்தவருக்குச் சான்றிதழ் கிடையாது, வகுப்பில் படித்தால் எந்தச் சான்றிதழும் செல்லும்.
உண்மை: இரண்டு பாதியும் பிழை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் நிலையம் பதிந்திருக்கிறதா, பாடநெறிக்குத் தேசிய தொழிற் தகைமை உண்டா என்று பாருங்கள். அத்தகைமை 7 மட்டங்கள் கொண்டது. வேலை செய்து பழகியவர்கள் பாடநெறிக்குப் போகாமலே, அனுபவத்துக்குச் சான்று காட்டி, மதிப்பீட்டுக்குத் தோற்றி அதைப் பெறும் வழியும் இருக்கிறது.

ஆகவே, முதலில் ஒரு கடையின் ஒரு மாதப் பற்றுச்சீட்டுகளை வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். எதை எந்தக் கணக்கில் பதிவது என்று தெரியாமல் நின்றால் வகுப்புக்கு அனுப்புங்கள். அது தெரிந்து, மென்பொருளில் எங்கே பதிவது என்று மட்டும் தடுமாறினால், காணொளியும் அன்றாடப் பயிற்சியும் போதும்.