மணலில் தங்கம்: அணு அழிவதில்லை என்னும் பாடம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடி மலைப்பகுதியில் உள்ள ஊர் அகளி. இம்மலைப்பகுதியின் வழியே பவானியாறு கிழக்கு நோக்கி ஓடித் தமிழகத்தினுள் நுழைகிறது. அட்டப்பாடிப் பாறைகளில் தங்கம் கலந்த குவார்ட்சு நாளங்கள் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கண்டறிந்துள்ளது. பொருளையும் அணுவையும் பற்றி நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு விளக்க இது மிகவும் ஏற்ற உதாரணமாகும்.

பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து மணலாகிறது. மணலில் பெரும்பகுதியாக உள்ள குவார்ட்சு, சிலிகன், ஆக்ஸிஜன் என்னும் இரு தனிமங்களின் அணுக்கள் கூடி அமைந்த சேர்மம். தங்கமோ ஒரு தனிமம். அதில் ஒரே வகை அணுக்களே உள்ளன. ஒரு மில்லிகிராம் தங்கத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை எழுத, 3 என்னும் எண்ணை அடுத்து ஏறத்தாழ 18 சுழிகள் இடவேண்டும்.

தங்கம் கலந்த மணலைத் தட்டிலிட்டு நீரில் அரித்தால், தங்கம் அடியில் தங்குவது ஏன்? ஒரு கன சென்டிமீட்டர் குவார்ட்சின் எடை 2.65 கிராம், தங்கத்தின் எடை 19.3 கிராம். இது ஏழு மடங்குக்கும் மேல். நீரில் அமிழ்ந்ததும் ஒவ்வொன்றும் ஒரு கிராம் எடையை இழந்ததுபோல் தோன்றும். அப்போது எடைகள் முறையே 1.65, 18.3 ஆகின்றன, வேறுபாடு பதினொரு மடங்காகிறது. ஆதலால் ஓடும் நீர் மணலை எளிதில் அடித்துச் செல்கிறது. ஆசிரியர்கள் மணலுடன் சிறிது இரும்புத்தூளைக் கலந்து, தட்டில் அரித்துக் காட்டலாம். அடியில் எஞ்சியது இரும்பே என்பதைக் காந்தம் மெய்ப்பிக்கும்.

நுண்ணிய தங்கத்தைப் பிரிக்க உலகின் பல பகுதிகளில் பாதரசம் பயன்படுத்தப்படுகிறது. தங்கம் பாதரசத்துடன் கலந்து ரசக்கலவையாகும். அதனைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் பிரியும், தங்கம் எஞ்சும். தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்களும் பாதரச அணுவின் கருவில் 80 புரோட்டான்களும் உள்ளன. வேறுபாடு ஒன்றே எனினும், அடுப்பின் வெப்பம் அணுக்கருவைத் தொடுவதில்லை. பாதரசத்தைப் பொன்னாக்க முயன்ற ரசவாதிகள் தோல்வியுற்றதன் காரணமும் இதுவே.

இங்கு ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: ஆவியான பாதரசம் எங்கே போயிற்று? “மறைந்துவிட்டது” என்று மாணவர் கூறின், அவ்விடை தவறு. நச்சுத்தன்மையுள்ள அவ்வாவி மனிதரின் நுரையீரலினுள் செல்லும். குளிர்ந்து நிலத்திலும் நீரிலும் படியும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்ற, அது மீன்களின் உடலில் சேரும். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் தெரியவந்த கொடிய நரம்பு நோய்க்கு, ஆலைக் கழிவுநீரில் கலந்திருந்த மெத்தில் பாதரசமே காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. அதன் பெயரைத் தாங்கிய பாதரச ஒப்பந்தத்தை இந்தியா 2018-இல் ஏற்றது.

அரித்தாலும், கரைத்தாலும், காய்ச்சினாலும் அணுக்கள் இடம் மாறுகின்றன, சேர்க்கை மாறுகின்றன, அழிவதில்லை. ஆற்றில் எறிவது ஒழிந்துபோவதில்லை என்பதை மாணவர் உணர்ந்தால், இப்பாடம் பயன் தந்ததாகும்.